கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில 4 ஓட்டம் இடிக்குது, எங்க பிழை?

கேள்வி (கல்லடி):
20 ஓவரும் முடிஞ்ச மெச். மொத்தம் 142. துடுப்பாட்டக்காரர் எடுத்தது 118, உதிரிகள் 24 (வைட் 10, நோபோல் 5, பை 5, லெக் பை 4). இது பொருந்துது. போலர்மார் குடுத்ததைக் கூட்டினா 137 வருது. எவ்வளவு வரவேணும்? துடுப்பாட்டக்காரர் சந்திச்ச பந்தும் 135 எண்டு கிடக்கு.

பதில் (காரைதீவு):
தம்பி, பை (துடுப்பிலயும் உடம்பிலயும் படாத பந்தில எடுத்த ஓட்டம்), லெக் பை (உடம்பில பட்ட பந்தில எடுத்த ஓட்டம்) ரெண்டும் போலர் கணக்கில சேராது. 142இல 9 போக 133 வரவேணும். உங்களுக்கு 4 கூட. சரியா 4 எண்டதால ஒரே பந்தாத்தான் இருக்கும். துடுப்பில படாம, கீப்பரையும் தாண்டி எல்லைக்குப் போன நோபோல் ஏதும் இருக்கா பாருங்க. 2017க்கு முந்தின விதியில அந்த அஞ்சும் நோபோல், போலருக்குத்தான். இப்ப நோபோல் 1, பை 4. போலருக்கு 1 மட்டும். பழைய ஆக்களிட்டப் பழகினவங்க கனபேர் இன்னும் அஞ்சுதான் போடுறாங்க.

கேள்வி கேட்டவர்:
ஓம் அண்ணன், 14ஆவது ஓவர்! உதிரியில பை 4 எண்டு சரியாப் போட்டிருக்கன், போலருக்கு 5 விழுந்திட்டு.

பதில் (அக்கரைப்பற்று):
வைட்டையும் ஒருக்காப் பாருங்க தம்பி. எல்லைக்குப் போன வைட் அஞ்சும் வைட்தான், அஞ்சும் போலருக்கு. அதை வைட் 1, பை 4 எண்டு பிரிச்சுப் போட்டா கூட்டல் சரியாவே வரும், பிழை மறைஞ்சு கிடக்கும். கூட்டிப் பார்த்து இதைப் பிடிக்க ஏலாது, அந்தப் பந்தைத் தேடித்தான் பார்க்க வேணும்.

பந்துக் கணக்கு: நோபோல் ஓவரில சேராது, ஆனா துடுப்பாட்டக்காரர் சந்திச்ச பந்து. வைட் ரெண்டிலயும் இல்ல. 120உம் நோபோல் 5உம் 125. கூடின 10 உங்கட வைட்தான்.

கேள்வி கேட்டவர்:
வைட் பத்தும் ஒவ்வொண்டாத்தான் வந்தது காக்கா, பந்துக் கணக்கை அழிச்சுத் திருத்திட்டன். 9ஆவது ஓவரில லெக் பை 4 மட்டும். அது மெய்டனா?

பதில் (காரைதீவு):
மெய்டன்தான், போலர் கணக்கில ஓட்டம் ஒண்டும் விழாத ஓவர்தானே. ஒரு வைட்டோ நோபோலோ இருந்திருந்தா இல்ல. லெக் பைக்கு நடுவர் சைகை காட்டினாரா எண்டதை மட்டும் உறுதிப்படுத்துங்க. அடிக்கவோ விலகவோ பார்க்காம காலைக் குடுத்தா அந்த ஓட்டம் செல்லாது. சைகை வராம புத்தகத்தில ஏத்த வேணாம். வந்ததும் கையை உயர்த்திக் காட்டுங்க.