சித்தி வீட்டுக் கணினியில் வைரஸ்

சித்தி: கணினித் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. வைரஸ் இருக்கிறதாம், உடனே ஒரு எண்ணை அழைக்கச் சொல்கிறது. பீப் சத்தம் வேறு நிற்கவே இல்லை.

அண்ணன்: அழைக்காதீர்கள் சித்தி! மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பரே வராது. முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள்.

சித்தி: சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதானா?

அண்ணன்: அந்த எச்சரிக்கைப் பக்கம் வெறும் மிரட்டல். அதைக் கொண்டுவந்தது எது என்று பார்க்க வேண்டும். புதிதாக ஏதாவது இறக்கினீர்களா?

சித்தி: பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒரு இலவச மென்பொருள். அதிலிருந்தே கணினி மந்தம், தேடுபொறியும் தானாக மாறிவிட்டது.

அண்ணன்: அதன்மேல்தான் சந்தேகம். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் அதை நீக்குங்கள். பிரவுசரில் நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் குட்டி மென்பொருள், இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மாமா: இன்னொரு ஆன்டிவைரஸும் போட்டுவிட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

அண்ணன்: வேண்டாம் மாமா. இரண்டும் ஒரே நேரத்தில் காவல் காத்தால் ஒன்றோடொன்று மோதும், கணினி இன்னும் திணறும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்தான் டிஃபெண்டர். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் உள்ளே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்கூட அதில் சிக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் விண்டோஸ் கிளம்பும் முன்பே அது தேடும். கணினி ரீஸ்டார்ட் ஆகும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். திறந்திருப்பதை எல்லாம் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள் சித்தி.

தங்கை: பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள் சித்தி.

அண்ணன்: ஆமாம், ஆனால் அந்தக் கணினியில் வேண்டாம், போனில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்துங்கள். சில வைரஸ்கள், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்ததை நினைவில் வைக்க பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீ என்ற சிறு பதிவையே திருடிக்கொண்டு போய்விடும், அதை வைத்து பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள்.

சித்தி: ஸ்கேன் முடிந்தது. புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இரண்டு நீக்கப்பட்டதாகக் காட்டுகிறது.

அண்ணன்: நல்லது. இனி இணையத்தை இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்து ஒரு ஃபுல் ஸ்கேன் போடுங்கள், அதற்கு நேரமாகும். திரும்பவும் அதே தொல்லை வந்தால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு விண்டோஸை ரீசெட் செய்துவிடலாம். எக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்தால் மென்பொருளாக ஓடும் கோப்பு, எதையும் எடுக்க வேண்டாம்.

சித்தி: அந்த மென்பொருளைப் பென்டிரைவில் மாமாவுக்கும் கொடுத்திருக்கிறேனே!

அண்ணன்: மாமா, அதைத் திறந்தீர்களா?

மாமா: இன்னும் செருகவே இல்லை. அப்படியே கொண்டு வருகிறேன்.