புதுப்பிப்பு: மட்டக்களப்பு கல்லடி வீட்டுக் கூரைக்கு 0.47 மில்லிமீற்றர் தகடு போட்டாச்சு

போன மாசம் கூரைக்கு 0.35 மில்லிமீற்றர் தகடு போதுமா, 0.47 வேணுமா எண்டு கேட்டிருந்தன். 0.47தான். 0.35 மாதிரித் துண்டில, ரெண்டு சலாகைக்கு (தகட்டைத் தாங்குற சட்டம்) நடுவில கூரை வேலை செய்யிற பாஸ் கால் வைச்சார். விழுந்த பள்ளம் பிறகு எழும்பவேயில்ல.

ஒண்டு கவனிங்க: கடையில சொல்லுற தடிப்பு பெரும்பாலும் பெயின்ற், பூச்சு எல்லாம் சேர்த்துத்தான். உள்ள இருக்கிற இரும்பு அதைவிட மெல்லிசு. கடற்கரைப் பக்கம் துருவை மறிக்கிறதும் தடிப்பில்ல, துத்தநாக அலுமினியப் பூச்சு. நான் சதுர மீற்றருக்கு 150 கிராம் கேட்டு எடுத்தன்.

1978 சூறாவளி பார்த்த அம்மாவுக்குத் தடிப்பில நம்பிக்கையில்ல, "ஆணியைப் பாருடா" எண்டா. அதால ஓரத் தகடுகளுக்கு, தகட்டு நெளிவில இருக்கிற ஒவ்வொரு மேட்டிலயும் ஸ்குரூ அடிக்கச் சொன்னன். பாஸுக்குக் கோவம்தான்.

துளைச்ச இரும்புத்தூளை அண்டண்டே கூட்டிட்டம். தங்கச்சி வீட்டில முதல் துரு அதிலதான் வந்தது.