புதுப்பிப்பு: ஆயர் ஈத்தாம் வடிகால் கோப்பு

எங்கள் தெரு வடிகால் கோப்பைப் மலேசியாவின் பினாங்கு மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு, 'வழக்கறிஞர் ஆலோசனை அடங்கியது' என ஓர் அலுவலகம் மொத்தமாக மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி, ஆலோசனைக் கடிதத்தை விட்டு மற்றதை மட்டும் கேட்டு மேல்முறையீடு செய்தேன். வரைபடமும் அளவுப் பட்டியலும் வந்துவிட்டன. இரண்டு பத்திகளில் மட்டும் கறுப்பு மை, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத அளவுக்குத் தாராளமாக!

1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு முக்கியமாகக் காப்பது வழக்கறிஞரிடம் பேசியதையும் அவர் சொன்ன ஆலோசனையையும். அதே கோப்பில் செருகியிருப்பதாலேயே வரைபடத்துக்கு அந்தக் காப்பு வந்துவிடாது. கட்சிக்காரர் (வழக்கறிஞரை அமர்த்தியவர்) சம்மதித்தால் ஆலோசனையையும் வெளியிடலாம். கட்சிக்காரர் அந்த அலுவலகமே. கேட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அரசு இரகசியங்களைக் காக்கும் கூட்டரசுச் சட்டமான 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் முத்திரை விழுந்திருந்தால் மாநிலச் சட்டம் கைகொடுத்திருக்காது. நல்லவேளை, விழவில்லை.