கிழச் சுண்டெலியின் சாட்டிலைட் செல்கள் எழ மறுக்கின்றன: உறக்கமா, மூப்பா?

கேட்டவர்
வணக்கம். ஆய்வு மாணவன், இரண்டாம் ஆண்டு. 3 மாதச் சுண்டெலி, 28 மாதச் சுண்டெலி இரண்டின் கால் தசையையும் திசுவைப் பிரிக்கும் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்து, நார்களைத் தனித்தனியாகப் பிரித்து, கோழிக்கருச் சாறு கலந்த ஊடகத்தில் வளர்க்கிறேன். டிஎன்ஏவைப் படியெடுக்கும் செல்களை அடையாளம் காட்டும் இடியூவை முதல் நாளே சேர்த்துவிடுகிறேன். 48 மணி நேரம் கழித்து நுண்நோக்கியில் பார்த்தால், இளசின் நாரில் தசையைச் சீரமைக்கும் ஸ்டெம் செல்களான சாட்டிலைட் செல்கள் பெரும்பாலும் ஒளிர்கின்றன. கிழத்தில் நாருக்கு இரண்டு மூன்று செல்தான் தேறுகிறது, அவையும் இருட்டு. செத்துவிட்டனவோ என்று சோதித்தேன், உயிரோடுதான் இருக்கின்றன. கொலாஜினேஸ் புட்டியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. வழிகாட்டி, "மூப்பு என்று எழுதிவிடு" என்கிறார். எழுதலாமா?

பதில் 1
எழுதாதீர்கள் தம்பி. உறங்குகிற செல் தட்டினால் எழும், தாமதமாகவாவது. மூப்படைந்த செல் எத்தனை தட்டினாலும் இரண்டாகப் பிரியாது. 48 மணி நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருட்டாகத்தான் தெரியும். 72, 96 மணி நேரம் வரை விட்டுப் பாருங்கள். கூடவே செல் பிரிவதைத் தடுக்கும் பி16 புரதத்துக்கும் சாயம் போடுங்கள். பார்சலோனாவில் பூரா முன்யோஸ்-கானோவெஸ் குழு 2014இல் காட்டியது இதைத்தான்: மிகக் கிழச் சுண்டெலிகளில் பி16 மேல் இருந்த பூட்டு திறந்துகொள்கிறது, செல் உறக்கத்திலிருந்து மூப்புக்குச் சரிகிறது. பி16ஐ அடக்கியபோது தசையைச் சீரமைக்கும் திறன் திரும்பியது. ஒன்றை மறக்கவேண்டாம். காயமோ ஊடகமோ "எழு" என்று அழைத்த பிறகுதான் மூப்பு முழுதாக வெளிப்படும். தசையிலிருந்து எடுத்த கையோடு மூப்பைக் காட்டும் பீட்டா கேலக்டோசிடேஸ் சாயம் மட்டும் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

பதில் 2
எல்லோரும் கிழத்தையே சந்தேகிக்கிறீர்கள். இளசுகள் ஆணா, பெண்ணா? ஒரே கூண்டிலா?

கேட்டவர்
ஆண்கள், நான்கும் ஒரே கூண்டில். கிழங்கள் கூட்டாளிகள் செத்துப்போய்த் தனித்தனியாக இருக்கின்றன. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அக்கா?

பதில் 2
போய் வாலடியைப் பாருங்கள். ஆண்கள் கடித்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோ குழு, அதே 2014இல், ஒரு காலில் காயம் செய்துவிட்டு அடிபடாத மறுகாலைப் பார்த்தது. அங்கிருந்த சாட்டிலைட் செல்கள் பிரியத் தொடங்கவில்லை. ஆனால் சற்றே பருத்து, மைட்டோகாண்ட்ரியா கூடி, செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் பாதை முடுக்கிவிடப்பட்டு, அரைத் தூக்கத்தில் காத்திருந்தன. வளர்ப்பில் போட்டதும் முதல் பிரிவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்தன. கடிபட்ட இளசு நல்ல ஒப்பீடு ஆகாது. உங்கள் கிழங்கள் மெதுவா, இளசுகள் அவசரமா என்பதே இப்போது தெரியாது.

கேட்டவர்
பார்த்தேன். இரண்டின் வாலடியில் ஆறிய வடு, ஒன்றின் பின்புறத்தில் பச்சைப் புண். இத்தனை நாள் தினமும் கூண்டைத் தூக்கியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

*(ஏழு வாரம் கழித்து)*

பிறந்ததிலிருந்து சண்டை போடாத உடன்பிறப்புகளைப் பிரித்து வைத்துத் திரும்பச் செய்தேன். 48 மணி நேரத்தில் இளசுகளின் ஒளிர்வு குறைந்தது, இடைவெளி சுருங்கியது. 96இல் கிழத்தின் செல்களில் ஒரு பங்கு தாமதமாக எழுந்தது. எழாதவற்றில் பலவற்றில் பி16 தெரிகிறது. ஆக, இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஆனால் நாருக்கு இரண்டு மூன்று செல்தான் என்பது மாறவே இல்லை. அது ஏன்?

பதில் 1
அது வேறு கதை. கிழத் தசையில் நாரே எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிக் காரணியை அதிகமாகச் சுரக்கிறது. அது காயம் இல்லாத நேரத்திலும் சில செல்களைத் தட்டி எழுப்புகிறது. எழுந்தவை சேமிப்புக்குத் திரும்பாமல் தீர்ந்துபோகின்றன. ஆண்ட்ரூ பிராக் குழு 2012இல் எழுதியது. உறக்கம் கலைவதும் கிழத்தின் நோய், எழ முடியாமல் போவதும் கிழத்தின் நோய். உங்கள் நாரில் மிஞ்சியிருப்பவை முதல் நோய்க்குத் தப்பியவை. ஆய்வேட்டில் செல் எண்ணிக்கையையும் ஒளிர்வு விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். வழிகாட்டியிடம் அந்த வாலடிப் படத்தையும் காட்டுங்கள்.