பிளான்ட் குவாரன்டைன் வேலைக்குப் போகலாமா?

களக்காட்டுப் பொண்ணு:
அண்ணாச்சிமாரே, கிள்ளிகுளத்தில் பி.எஸ்சி. அக்ரி கடைசி வருஷம் படிக்கிறேன். தூத்துக்குடி துறைமுகத்தில் பிளான்ட் குவாரன்டைன் ஆய்வாளர், அதாவது வெளிநாட்டுச் சரக்கோடு பயிர்ப்பூச்சி, நோய் வருகிறதா என்று சோதிக்கிறவர், ஆக ஆசை. வீட்டில் வேளாண்மை அலுவலர் பரீட்சையே எழுது என்கிறார்கள். இந்த வேலைக்கு என்ன பயிற்சி? காகிதம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும்தானா?

துறைமுகத்தான்:
நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன், தினமும் பார்க்கிற வேலை இது. கையெழுத்து கடைசியில்தான். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வந்தால் முதலில் ஃபைட்டோ சர்டிபிகேட், அதாவது அனுப்பின நாடு தருகிற தாவர நலச் சான்று பார்ப்பார்கள், அப்புறம் கண்டெய்னரைத் திறந்து மூட்டைகளில் மாதிரி எடுத்து, சல்லடையில் சலித்து, அடியில் விழுந்த தூசியை வெள்ளைத்தாளில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், வண்டு, புழு, களை விதை, மண்கட்டி எல்லாம் அதில்தான் மாட்டும். மரத்தடி என்றால் பட்டையைப் பெயர்த்துப் பார்க்கணும். சரக்கு அடுக்குகிற பேலட் கட்டையில் கோதுமைக்கதிர் முத்திரையும் ஹெச்.டி. என்ற எழுத்தும் இருந்தால், உள்மரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று அர்த்தம். பூச்சி இருந்தால் புகைமூட்டம் (மூடிவைத்து விஷவாயு செலுத்துவது), அதற்கும் வழியில்லை என்றால் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் அழி. கண்டெய்னர் வாடகை ஏறுதே என்று சரக்குக்காரர் நெருக்குவார். அதற்கு மசியாமல் கடைசி மாதிரி வரை பார்க்கிறவர்தான் நல்ல ஆய்வாளர்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
தங்கச்சி, இது மத்திய அரசு வேலை, டி.என்.பி.எஸ்.சி. கிடையாது. ஃபரிதாபாத்தில் இருக்கிற பயிர்ப் பாதுகாப்பு இயக்ககத்தின் கீழ் வரும். எம்.எஸ்சி.யில் பூச்சியியலோ நோயியலோ எடுங்கள். ஹைதராபாத் ராஜேந்திரநகர் தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனத்தில் பூச்சி அடையாளம் காண்பது, புகைமூட்டம் இரண்டுக்கும் பயிற்சி உண்டு. புகைமூட்டத்துக்குப் போடுகிற மெத்தில் புரோமைடு வாயு கடுமையான விஷம், வாசமும் தெரியாது, அதனால்தான் கண்ணெரிச்சல் தருகிற குளோரோபிக்ரினைக் கொஞ்சம் கலப்பார்கள். 2003 பிளான்ட் குவாரன்டைன் இறக்குமதி ஆணையை இப்போதே வாசிக்கத் தொடங்குங்கள்.

கடையநல்லூர் தென்னைக்காரன்:
கண்டிப்பாகப் போம்மா. தென்னையில் விழுகிற ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ நம்ம நாட்டுப் பூச்சியே இல்லை, 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டார்கள். இப்போது என் தோப்பில் ஓலை அடியெல்லாம் சுருள் சுருளாக முட்டை, அது கழிக்கிற தேன்திரவத்தில் கரும்பூஞ்சணம் படிந்து ஊடுபயிர் வாழையில் ஒரு இலை அறுத்து விற்க முடியவில்லை. மருந்தடித்தால் அதை ஒழிக்கிற குளவியும் சேர்ந்து சாகும். ஒன்று கேட்கணும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பையில் கன்று, விதை எல்லாம் கொண்டு வருகிறார்களே, அதைப் பிடிப்பார்களா?

பாளையங்கோட்டை வாத்தியார்:
பிடிப்பார்கள் அண்ணாச்சி. விமான நிலையத்திலும் குவாரன்டைன் ஆட்கள் உண்டு, சர்டிபிகேட் இல்லாத கன்றை வெளியே விடமாட்டார்கள். ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.