நடுவயதில் மறுபடியும் ஸ்னோமொபைல்: நாளைக்குள் முடிவு சொல்லவேண்டும், உதவுங்கள்

ஃபின்மார்க் பழைய ஆள்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவுக்கு வந்து இது முதல் குளிர்காலம். இளவயதில் நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாட்களில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஓட்டியிருக்கிறேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேறு நாடு என்று எல்லாம் விட்டுப்போயிற்று. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேலையிடத்தில் எல்லோரும் சனி ஞாயிறு ட்ரெயிலுக்கு, அதாவது ஸ்னோமொபைல் ஓட்டும் பனிப்பாதைக்கு, போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய ஸ்கீ-டூ 850 ஸ்னோமொபைலை நல்ல விலைக்கு விற்கிறார். நாளை மாலைக்குள் முற்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். வாங்கலாமா? இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

ஸ்காபரோக்காரன்:
அண்ணை, அதை எங்கே நிறுத்தப்போகிறீர்கள்? அதைச் சொல்லவில்லையே. நான் வந்த புதிதில் ஒரு பேஸ்மென்டில் இருந்தேன், கார் நிறுத்தவே வீட்டுக்காரரோடு தினமும் மல்லுக்கட்டு. ஸ்னோமொபைல் என்றால் அதை ஏற்றிப்போக ட்ரெய்லர் வேண்டும், ட்ரெய்லர் இழுக்க வண்டி வேண்டும், இரண்டையும் வைக்க இடம் வேண்டும். முதல் குளிர்காலத்தில் நான் வாங்கியது ஒரு நல்ல சப்பாத்தும் ஜாக்கெட்டும்தான். ஒரு வருடம் பொறுங்கள். முதலில் வேலை நிரந்தரமாகட்டும்.

கியூபெக் பக்கம்:
ஒரு வருடம் ஏன் பொறுக்கவேண்டும்? வந்த நாட்டின் குளிரோடு சண்டை போட்டு வீட்டுக்குள் இருந்தால் மனம்தான் சோர்ந்துபோகும். என்னைக் காப்பாற்றியது ட்ரெயில்தான். ஸ்கீ-டூ பிறந்த வால்கோர் ஊர் எங்கள் மாகாணத்தில்தான் இருக்கிறது. 850 அருமையான எஞ்சின். டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் வகை), 165 குதிரைத்திறன், எடை குறைவு, பனியில் புதைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். வாங்குங்கள்.

நோர்த் பே அக்கா:
தம்பி, அவசரப்படாதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவருக்கு 165 குதிரைத்திறன் எதற்கு? என் கணவரும் உங்களைப் போல நடுவயதில் மறுபடி தொடங்கியவர். ஸ்கீ-டூவிலேயே ஃபோர்-ஸ்ட்ரோக் 900 ஏஸ் எஞ்சின் வண்டி எடுத்தார், 95 குதிரைத்திறன். சத்தம் குறைவு, புகை இல்லை, எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை, பெட்ரோலும் நிதானமாகத்தான் குடிக்கும். ஆக்ஸிலரேட்டரை விரலால் அழுத்தினால் மெதுவாகப் பாய்கிறது, உதறாது. பழகுகிறவர்களுக்கு அந்த நிதானம் பெரிய உதவி.

கியூபெக் பக்கம்:
அக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக் முன்பக்கம் கனம். தனியாகப் புதைந்துவிட்டால் ஐம்பது வயது முதுகு என்ன பாடுபடும்? இந்த 850 போன்ற ஸ்கீ-டூவின் இன்றைய ஈ-டெக் எஞ்சின்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் போல இல்லை. எண்ணெய் சிக்கனம், குளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆகும்.

நோர்த் பே அக்கா:
பராமரிக்கப்பட்ட ட்ரெயிலில் போகிறவர் எத்தனை முறை புதையப்போகிறார்? ஆழப்பனியில் இறங்குகிறவர்களின் கவலை அது.

ஓக்வில் தகப்பன்:
முதலில் ட்ரெயில் திறக்கவேண்டுமே. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிகச் சூடானது, எங்கள் பக்கம் சீசன் வந்ததே தெரியவில்லை. ட்ரெயில் பெர்மிட்டுக்குக் கட்டின காசு கட்டினதுதான். ஊரில் மழைக்குக் காத்திருந்தோம், இங்கே பனிக்குக் காத்திருக்கிறோம்.

ஸ்காபரோக்காரன்:
உண்மை. காசு என்றதும் ஞாபகம் வருகிறது, காப்புறுதிக்குக் கேட்கும் தொகை! வந்த புதிதில் கார் காப்புறுதிக்கே பாதிச் சம்பளம் போனது. வேறு நாட்டில் எத்தனை வருடம் ஓட்டினாலும் இங்கே பூச்சியத்திலிருந்து தொடங்கு என்கிறார்கள். வேலைக்குப் போனாலும் கனடிய அனுபவம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. என்ன நியாயம் இது?

ஓக்வில் தகப்பன்:
என் மனைவி அங்கே பொறியியலாளர். இங்கே முதல் வருடம் கிடங்கில் பெட்டி அடுக்கினார். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

வடக்கு மெக்கானிக்:
எல்லோருடைய வலியும் எனக்குப் புரிகிறது, நானும் அதையெல்லாம் கடந்து வந்தவன்தான். ஆனால் கேட்டவருக்கு நாளை மாலை கெடு. அண்ணா, நீங்கள் தரவேண்டிய விவரங்களைத் தரவில்லை. எந்த ஊர்? உயரம் எடை என்ன? முதுகு, முழங்கால் எப்படி? தனியாக ஓட்டுவீர்களா, பின்னால் யாராவது உட்காருவார்களா? அந்த வண்டியின் முழுப்பெயர் என்ன, ட்ராக், அதாவது வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை, எத்தனை அங்குல நீளம்? 850 என்பது எஞ்சின் மட்டும்தான். அதே எஞ்சினை ட்ரெயில் வண்டியிலும் வைப்பார்கள், மலை வண்டியிலும் வைப்பார்கள்.

ஃபின்மார்க் பழைய ஆள்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். சட்பரியில் இருக்கிறோம். 5 அடி 5 அங்குலம், 68 கிலோ. கீழ்முதுகில் டிஸ்க் பிரச்சினை உண்டு, இப்போது பரவாயில்லை. மனைவியும் சில நேரம் வருவாள். வீட்டுக்குப் பின்னால் நிறுத்த இடம் இருக்கிறது. வண்டி ஸ்கீ-டூ சம்மிட், ட்ராக் 154, அதன் மேலுள்ள பல் இரண்டரை அங்குல உயரம் என்று எழுதியிருக்கிறார். நான் முன்பு ஓட்டியது யமஹாவின் அகலமான பழைய வி.கே. 540.

வடக்கு மெக்கானிக்:
சரி, இப்போது நேராகச் சொல்லலாம். அந்த வண்டியை வாங்காதீர்கள். விற்கிறவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. சம்மிட் மலைச்சரிவின் ஆழப்பனிக்குச் செய்த வண்டி. இரண்டரை அங்குலப் பல் தூள்பனியை வாரி எறியத்தான். கெட்டியாக உருட்டிய ட்ரெயிலில், அதுவும் ஐஸ் பிடித்த நாட்களில், அந்தப் பற்கள் சூடேறிப் பிய்ந்துபோகும். எஞ்சினைக் குளிர்விப்பதும், ட்ராக்குக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளை வழுக்க வைப்பதும் தெறித்து மேலே வரும் பனிதான். கெட்டித் தரையில் அது போதாது, எஞ்சின் சூடேறும், பட்டையும் தேயும். மலை வண்டியின் முன்னால் உள்ள இரண்டு ஸ்கீக்களும் நெருக்கமாக இருக்கும், வளைவில் வண்டி சாய்ந்துகொடுக்கும். ட்ரெயில் வண்டியில் ஸ்கீ அகலம் 42 அங்குலத்தை ஒட்டி இருக்கும், வளைவில் பதிந்து நிற்கும். அப்புறம் அது ஒருவர் உட்காரும் வண்டி, மனைவியைப் பின்னால் ஏற்றவே கூடாது.

உங்களுக்குப் பெரிய மாற்றமாக இருக்கப்போவது எஞ்சின் இல்லை, உட்காரும் விதம். நீங்கள் பழகிய வண்டியில் பின்னால் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்கீ-டூ 2003 மாடலில் ரெவ் சட்டகத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஓட்டுகிறவரை முன்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, ஏறக்குறைய எழுந்து நிற்கத் தயாரான நிலையில் உட்காரவைக்கிறார்கள். மற்ற கம்பெனிகளும் பிறகு அதே வழிக்கு வந்துவிட்டன. முதுகுக்கு இது நல்லதுதான். மேடுபள்ளம் வரும்போது எழுந்து நின்று காலால் அடியை வாங்கலாம், உட்கார்ந்தபடி வாங்கினால் எல்லாம் டிஸ்குக்குத்தான் போகும். ஆனால் தொடையும் முழங்காலும் ஒத்துழைக்கவேண்டும். அதனால் கையில் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். பழைய ஞாபகத்தை நம்பி வாங்கவேண்டாம்.

நோர்த் பே அக்கா:
வாடகை என்பது மிகச் சரியான யோசனை. ஹேண்டில்பார் உயரமும் பாருங்கள் தம்பி. எழுந்து நிற்கும்போது குனியவேண்டி வந்தால் ரைசர் என்ற இடைத்துண்டு போட்டு உயர்த்தலாம்.

கியூபெக் பக்கம்:
சம்மிட் என்று தெரிந்திருந்தால் நானும் வாங்கச் சொல்லியிருக்கமாட்டேன். ட்ரெயிலுக்கென்றால் 600ஆர் ஈ-டெக் போதும், 125 குதிரைத்திறன், உங்கள் எடைக்கு அது தாராளம். பொலாரிஸ் கம்பெனி வண்டிகளில் 650 பேட்ரியட்டும் நல்ல எஞ்சின்.

வடக்கு மெக்கானிக்:
அதில் எனக்கும் சம்மதம். ட்ராக் 137 அங்குலம், பல் ஒன்றே கால் அல்லது ஒன்றரை. 129 அங்குல ட்ராக் இறுக்கமான வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். 137 பள்ளத்தின் மேலேயே தாண்டிப் போகும், உங்கள் முதுகுக்கு அதுதான். மனைவி அடிக்கடி வருவார் என்றால் ஸ்கீ-டூவின் கிராண்ட் டூரிங் போன்ற இரண்டு பேர் வண்டி, 900 ஏஸ் எஞ்சினோடு. அந்த இடத்தில் அக்கா சொன்னதுதான் சரி. எலக்ட்ரிக் ஸ்டார்ட்டும் ரிவர்ஸும் கட்டாயம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது டிஸ்க் உள்ளவருக்கு வேண்டாத வேலை.

யமஹா மேல் பழைய பாசம் இருக்கும், தெரியும். அவர்கள் ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக 2023-ல் அறிவித்துவிட்டார்கள், வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி. பழையது வாங்கினால் பக்கத்தில் பாகம் எடுக்கவும் வேலை பார்க்கவும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி எதுவானாலும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிர் ஸ்டார்ட் எப்படி என்று தெரியாது. டூ-ஸ்ட்ரோக் என்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள், இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டவேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி ட்ராக்கைக் கையால் சுற்றுங்கள், சக்கர பேரிங் கரகரத்தால் கேட்கும். ஸ்கீயைப் பிடித்து ஆட்டுங்கள். டனலில் (ட்ராக்கை மேலிருந்து மூடும் உலோகச் சட்டகத்தில்) விரிசலோ புது பெயின்டோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

சட்பரி மருத்துவமனை ஊழியர்:
நானும் சட்பரிதான் அண்ணா. காகித வேலையைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் குடியேறினால் வெளிநாட்டு லைசென்ஸ் 60 நாளுக்குத்தான் செல்லும், அதை முதலில் மாற்றுங்கள், காப்புறுதிக்கும் அதுதான் வழி. உங்கள் சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டப் பதிவும் காப்புறுதியும் ஹெல்மெட்டும் கட்டாயம். ட்ரெயிலுக்கு ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகக் கூட்டமைப்பின் பெர்மிட் வேண்டும், சீசன் பெர்மிட்டை நவம்பர் 1-க்கு முன் வாங்கினால் குறைவு. அவர்களுடைய இணைய வரைபடத்தில் ட்ரெயில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும், சிவப்பில் போகக்கூடாது. ட்ரெயிலில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் எல்லை. குடித்துவிட்டு ஓட்டினால் கார் லைசென்ஸே போகும்.

ஏரியைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். நம் நகர எல்லைக்குள்ளேயே 330 ஏரிகள். கூட வருகிறவர்கள் குறுக்கே போகலாம் என்பார்கள். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் தெளிந்த நீல ஐஸ் வேண்டும் என்கிறது செஞ்சிலுவைச் சங்கம். வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். ஆற்று வாயிலும் ஓடைப் பக்கத்திலும் தடிமன் சட்டென்று குறையும். குறி நட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், யார் கூப்பிட்டாலும்.

ஃபின்மார்க் பழைய ஆள்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விற்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் நல்ல முறையில்தான் ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமைக்கு 137 ட்ராக் 600 ஒன்றை வாடகைக்குப் பதிந்திருக்கிறேன். லைசென்ஸ் வேலையைத் திங்கட்கிழமை பார்க்கிறேன். ஒன்றே ஒன்று: கண்ணாடி போடுகிறவன் நான், என்ன ஹெல்மெட் வாங்குவது?

சட்பரி மருத்துவமனை ஊழியர்:
தாடைப் பகுதி மேலே தூக்கும் மாடுலர் ஹெல்மெட், மின்சாரத்தில் சூடாகும் முகமறைப்போடு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே தலையில் மாட்டலாம், மூச்சுப் புகையும் படியாது. அதற்கான மின் இணைப்பு வண்டியில் இருக்கிறதா என்று வாடகைக் கடையில் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை நான் வேலையில் இல்லை, கூட வருகிறேன்.