டார் ஃபைல் பாதியில நிக்குது, நாளைக்குக் காலையில வேணும், யாராவது சொல்லுங்க

பூங்கார்_மன்னை | இரவு 7:12
வணக்கம். டார்.ஜிசட் ஃபைல் ஒண்ணை, அதான் பல படங்களை ஒண்ணாக் கட்டிச் சுருக்கின மூட்டையை, பிரிக்க முடியல. "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்"னு, அதாவது ஃபைல் நடுவுலயே முடிஞ்சுடுச்சுன்னு, வந்து நின்னுடுது. ரெண்டு தடவை பார்த்துட்டேன், அதே இடம்தான். உள்ள குறுவை, சம்பா, தாளடி மூணு போகத்து நெல் படங்களும் இருக்கு. நாளைக்கு மதியம் விதைப் பரிமாற்றக் கூட்டம். 9 மணிக்கு பிரிண்ட் கடையில கொடுத்தாத்தான் பலகை தயாராகும். போன்லேர்ந்து தட்டறேன், தமிழ் கீபோர்டுதான் இருக்கு. கட்டளையையும் தமிழெழுத்துல எழுதினா புரிஞ்சுக்குவேன்.

வெட்டாறு | 7:20
என்ன கட்டளை கொடுத்தீங்க? ஃபைல் எத்தனை பைட்? எதுல வந்துச்சு, எந்த மெஷின்ல உருவாக்கினது?

அரசலாறு | 7:24
கரண்ட் போயிருக்கும். கார்த்திகையில காத்து லேசா அடிச்சாலே எங்க பக்கம் லைன் போயிடுது. எழுதிக்கிட்டு இருக்கறப்ப மெஷின் அணைஞ்சா ஃபைல் இப்படித்தான் வால் இல்லாம நிக்கும். யூபிஎஸ் இல்லாம பேக்கப் எடுக்காதீங்க. நான் இதுல ஒரு வருஷக் கணக்கையே தொலைச்சிருக்கேன்.

குடமுருட்டி | 7:31
பென்டிரைவ் போலி. 64 ஜிபின்னு காட்டும், உள்ள 8 கூட இருக்காது. எஃப்3ன்னு போலியைக் கண்டுபிடிக்கற மென்பொருள் இருக்கு, அதைப் போட்டு சோதிச்சுப் பாருங்க.

வெட்டாறு | 7:33
பென்டிரைவ்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே.

கல்லணை_மூத்தவர் | 7:40
மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றீங்க. கட்டளைக்கு விளக்கம் சொல்ற மேன் பக்கத்தை ஒரு தடவை படிச்சிருந்தா பாதி சந்தேகம் வராது. டார் வேற, ஜிசிப் வேற. டார் கோணி மாதிரி, கட்டும், சுருக்காது. சுருக்கறது ஜிசிப் வேலை. ஜிசிப் 1992ல வந்த பழைய சாமான், 4 ஜிபிக்கு மேல தாங்காது. உங்க ஃபைல் அதைவிடப் பெருசா இருந்தா ஆசையை விட்டுடுங்க.

வெட்டாறு | 7:52
ஐயா, கோணி உவமை ரொம்பச் சரி. 4 ஜிபி விஷயம் தப்பு. ஜிசிப் ஃபைலோட கடைசி 4 பைட்டுல விரிச்ச அளவைக் குறிச்சு வைக்கும். அந்த இடத்துல 4 ஜிபிக்கு மேல எண் கொள்ளாது, சுத்தி வந்து சின்ன எண்ணா நிக்கும். அதனாலதான் 2022ல வந்த 1.12 பதிப்புக்கு முன்னாடி ஜிசிப் -எல் கொடுத்தா தப்பான அளவு காட்டிச்சு. தரவுக்கு எந்தக் குறையும் வராது. 50 ஜிபி கூடச் சுருக்கலாம்.

பூங்கார்_மன்னை | 8:05
மன்னிக்கணும், சாப்பாடு போட்டுட்டு வர்றேன். பென்டிரைவ்தான். வேதாரண்யத்துல இருக்கற சித்தப்பா மகன் நேரா பென்டிரைவ்லயே டார் போட்டு பஸ்ஸுல கொடுத்துவிட்டான். கட்டளை கொடுத்துட்டு அவன் சாப்பிடப் போயிட்டானாம், எரர் வந்துச்சான்னு தெரியாதாம். நான் டார் -எக்ஸ்இசட்எஃப் கொடுத்தேன். ரெண்டுமே உபுண்டு. சைஸ் 4.3 ஜிபின்னு காட்டுது. எல்எஸ் -எல் போட்டா 4294967295 பைட்.

வெட்டாறு | 8:09
கிடைச்சிடுச்சு. 2-ன் 32-ஆம் அடுக்குல ஒண்ணு குறைச்சா இந்த எண்தான் வரும். பென்டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மேட்ல இருக்கு. அதுல ஒரு ஃபைல் இதுக்கு மேல ஒரு பைட் கூட வளராது. மரக்கால் நிறைஞ்சதும் மிச்ச நெல் வெளிய கொட்டின கதை. கரண்டும் காரணம் இல்ல, போலி பென்டிரைவும் இல்ல.
இதுவரைக்கும் பிரிஞ்சு வந்த படங்களை அழிச்சுடாதீங்க. கடைசியா வந்த ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் முழுசா இருக்கும். வராத பாகம் அந்த ஃபைல்ல இல்லவே இல்ல, எந்த மென்பொருளாலயும் மீட்க முடியாது. ஒரிஜினல் ஃபோல்டர் தம்பிகிட்ட இருக்கா?

பூங்கார்_மன்னை | 8:14
இருக்கு. மொத்தம் 7 ஜிபியாம். குறுவை, சம்பா வந்துடுச்சு. தாளடி ஒண்ணுகூட இல்ல.

வெட்டாறு | 8:22
அப்ப கவலை வேண்டாம். தம்பியை இப்படிக் கொடுக்கச் சொல்லுங்க, பென்டிரைவுக்குள்ள நின்னுக்கிட்டு:
டார் -சிஎஃப் - படஃபோல்டர் | ஸ்ப்ளிட் -பி 2000எம் - நெல்.டார்.
படஃபோல்டர்ங்கற இடத்துல அவர் மெஷின்ல அது இருக்கற முழுப் பாதையையும் எழுதணும். நடுவுல தனியா நிக்கற கோடுகளை விட்டுடக் கூடாது. நெல்.டார்.ஏஏ, ஏபி, ஏசி, ஏடின்னு நாலு துண்டு வரும். முடிஞ்சதும் மிச்சத்தையும் பென்டிரைவ்ல எழுதி முடிக்க சிங்க்னு கொடுத்து, அடுத்த கட்டளைக்கான பிராம்ப்ட் திரும்பின பிறகுதான் பிடுங்கணும். அதுவரைக்கும் சாப்பிடப் போக வேண்டாம்னு சொல்லுங்க.
நீங்க நாலையும் ஹார்டு டிஸ்க்ல போட்டுட்டு:
கேட் நெல்.டார்.* | டார் -எக்ஸ்எஃப் -
சுருக்கறதுக்கான இசட்டை வேணும்னேதான் விட்டேன்.

அரசலாறு | 8:30
இசட் இல்லாம ஏன்? இடம் மிச்சமாகுமே.

வெட்டாறு | 8:34
போன்ல எடுத்த படம் ஜேபெக். அது ஏற்கெனவே சுருக்கினது. இடிச்ச அவலை மறுபடி உரல்ல போட்டா இன்னும் தட்டையாகாது, கை வலிதான் மிச்சம். கணக்கு, எழுத்து, லாக் ஃபைல்னா ஜிசிப் நல்லாவே குறைக்கும்.

குடமுருட்டி | 8:41
கணக்கு, எழுத்துன்னா எக்ஸ்இசட்ங்கற சுருக்கி இன்னும் நல்லாவே குறைக்கும். இந்தக் காலத்துல ஜிசிப்பை யார் தொடறா?

கல்லணை_மூத்தவர் | 8:47
2024ல எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல திருட்டுத்தனமா நுழையறதுக்குப் பின்வாசல் வெச்சிருந்தது தெரியாதா? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற மென்பொருள் பொறியாளர், எஸ்எஸ்எச் வழியா இன்னொரு மெஷினுக்குள்ள நுழையறது அரை விநாடி தாமதமாகுதேன்னு தோண்டினதாலதான் வெளிய வந்துச்சு. அதை நான் நம்ப மாட்டேன்.

குடமுருட்டி | 8:53
அந்த ரெண்டு பதிப்பையும் உடனே எடுத்துட்டாங்க. சுருக்கற முறையில குறை இல்லையே, வாசல்ல திருடன் வந்ததுக்கு வீட்டையா இடிப்பீங்க?

கல்லணை_மூத்தவர் | 9:02
இடிக்கச் சொல்லல. விதைநெல்லைக் கண்ட குதிர்ல கொட்டாதேன்னு சொல்றேன். பிசிப்2ன்னு இன்னொரு சுருக்கி இருக்கு, அதைப் போடுங்க. அது 900 கிலோபைட் வரைக்குமான கட்டங்களாச் சுருக்கும். நடுவுல கெட்டாலும் கூடவே வர்ற பிசிப்2ரெகவர்ங்கற கட்டளை மத்த கட்டங்களை எடுத்துக் கொடுக்கும். ஜிசிப்புல அந்த வழி இல்ல.

அரசலாறு | 9:10
இதைவிட ரெண்டு பிரதி வெச்சுக்கறது மேல். நான் இப்ப அதைத்தான் செய்யறேன்.

பூங்கார்_மன்னை | காலை 8:43
நாலு துண்டும் முதல் பஸ்ஸுல வந்துச்சு. தாளடி முழுசா இருக்கு, காட்டுயானம் நெல் படமும். கடையிலதான் நிக்கறேன். வெட்டாறு அண்ணனுக்கு நன்றி.

கொள்ளிடக்கரை | காலை 11:20
எனக்கும் இதே எரர்தான், ஆனா ஃபைல் ரொம்பச் சின்னது. என்ன செய்யறது?

வெட்டாறு | காலை 11:26
எத்தனை பைட்? எதுல வந்துச்சு?